வரிசைத் திரட்டுகள் உறுப்புகளை எப்படி அடுக்குகின்றன? ஜாவா நிரலாளர்களின் கேள்விகளும் விடைகளும்

பல உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் அமைப்பே திரட்டு. வரிசைப்படுத்தப்பட்ட திரட்டுகள் பொருள்நோக்கு மொழிகள் பலவற்றில் உண்டு. கீழேயுள்ள விடைகள் ஜாவாவின் ட்ரீசெட் (ஒரே உறுப்பை இருமுறை ஏற்காத திரட்டு), ட்ரீமேப் (திறவுகோலையும் அதற்குரிய மதிப்பையும் இணையாக வைக்கும் திரட்டு) ஆகிய இரண்டையும் முதன்மையாகக் கொண்டவை. சீ பிளஸ் பிளஸ், சீ ஷார்ப் ஆகியவற்றில் மாறுபடும் இடங்கள் இறுதிக்கு முன் தரப்பட்டுள்ளன.

அர்ரேலிஸ்டிலும் வரிசை இருக்கிறது, ட்ரீசெட்டிலும் வரிசை இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. அர்ரேலிஸ்ட், லிங்க்டுஹாஷ்செட் ஆகியவை உறுப்புகள் நுழைந்த வரிசையைக் காப்பவை. எது முதலில் வந்ததோ அதுவே முதலில் நிற்கும். ட்ரீசெட்டுக்கு எது எப்போது வந்தது என்பது ஒரு பொருட்டில்லை. உறுப்பின் மதிப்பை மற்ற உறுப்புகளின் மதிப்போடு ஒப்பிட்டு அதன் இடத்தை அது முடிவு செய்கிறது. ஹாஷ்செட் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. சிறிய முழு எண்களை அதில் இட்டால் பெரும்பாலும் ஏறுவரிசையிலேயே திரும்பி வரும் என்பதால், அதை நம்பி நிரல் எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உள்ளமைப்பின் தற்செயல் விளைவு. எண்கள் பெரிதானதும் அந்த வரிசை கலைந்துவிடும்.

சார்ட்டட்செட், சார்ட்டட்மேப் என்ற இடைமுகங்கள் 1998-இல் ஜாவா 1.2 பதிப்போடு வந்தன. ஒரு மதிப்புக்கு அடுத்தது எது, முந்தையது எது என்று கேட்க உதவும் நேவிகபிள்செட், நேவிகபிள்மேப் ஆகியவை 2006-இல் ஜாவா 6-இல் சேர்ந்தன.

எது முன், எது பின் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, உறுப்பின் வகுப்பே கம்பேரபிள் இடைமுகத்தை நிறைவேற்றி, கம்பேர்டூ என்ற மெத்தடில் தன்னைப் பிறிதொன்றோடு ஒப்பிடும் விதியைச் சொல்லிவிடுவது. இதை அந்த வகுப்பின் இயல்பு வரிசை என்பார்கள். முழு எண்கள், சரங்கள், தேதிகள் ஆகியவற்றுக்கு இது ஏற்கெனவே அமைந்திருக்கிறது. இரண்டாவது, திரட்டை உருவாக்கும்போதே கம்பரேட்டர் என்ற தனிப் பொருளொன்றை அதனிடம் கொடுப்பது. இரண்டும் இருந்தால் கம்பரேட்டர் சொல்வதே செல்லும். இயல்பு வரிசையைத் திரட்டு திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டும் இல்லாவிட்டால், முதல் உறுப்பைச் சேர்க்கும்போதே கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் என்ற இயக்கநேரப் பிழை எழும். மொழிமாற்றி (கம்பைலர்) இதை முன்கூட்டிக் கண்டுபிடித்துச் சொல்லாது என்பது ஜாவாவின் பழைய குறைகளுள் ஒன்று.

ஒப்பீடு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணின் குறி மட்டுமே பொருளுடையது: எதிர்மறை என்றால் முன், நேர்மறை என்றால் பின், 0 என்றால் சமம். 1 தந்தாலும் 500 தந்தாலும் விளைவு ஒன்றே. இந்தக் குறியைத் தவிர உறுப்பைப் பற்றி வேறெதுவும் திரட்டுக்குத் தெரியாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் பெரும்பாலான கேள்விகளுக்கான விடையை நீங்களே ஊகித்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ட்ரீமேப் ஒரு சிவப்பு-கறுப்பு மரம். ட்ரீசெட் தன்னுள் ஒரு ட்ரீமேப்பை வைத்துக்கொண்டு அதன் திறவுகோல்களை மட்டும் பயன்படுத்துகிறது. இந்த மரத்தின் மூல வடிவத்தை ருடால்ஃப் பேயர் 1972-இல் முன்வைத்தார். சிவப்பு, கறுப்பு என்ற நிறங்களை லியோ கிபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் 1978-இல் அதற்குக் கொடுத்தனர். புதிய உறுப்பு வந்ததும் மரத்தின் வேரிலிருந்து ஒப்பீடு தொடங்குகிறது. சிறியதென்றால் இடப்புறம், பெரியதென்றால் வலப்புறம் என்று இறங்கிச் சென்று, காலியான இடம் கிடைத்ததும் உறுப்பு அங்கே அமர்கிறது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இருக்க, நிற விதிகளின்படி சில கணுக்கள் சுழற்றப்படுகின்றன. 10 லட்சம் உறுப்புகள் கொண்ட மரத்தில் ஒன்றைத் தேட ஏறத்தாழ 20 ஒப்பீடுகள் போதும்; எவ்வளவு மோசமான நிலையிலும் 40-ஐத் தாண்டாது.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுப்பின் இடம் அது நுழையும் கணத்தில் முடிவாகிறது. அதன் பிறகு அந்த முடிவைத் திரட்டு தானாக மறுபரிசீலனை செய்வதே இல்லை.

ட்ரீசெட்டில் இட்ட சில உறுப்புகள் காணாமல் போகின்றன. ஏன்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மாணவர் என்றொரு வகுப்பு இருக்கிறது, அதில் பெயரும் மதிப்பெண்ணும் வரிசை எண்ணும் உள்ளன என்று கொள்வோம். மதிப்பெண்படி பட்டியல் வேண்டும் என்பதற்காக, மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடும் கம்பரேட்டரோடு ஒரு ட்ரீசெட்டை உருவாக்குகிறீர்கள். கயல்விழி 478, முகிலன் 478 என்று இருவரையும் சேர்க்கிறீர்கள். திரட்டில் கயல்விழி மட்டுமே இருப்பார். முகிலனைச் சேர்க்க முயன்றபோது ஒப்பீடு 0 தந்தது. 0 என்றால் ‘இது ஏற்கெனவே இங்கே இருக்கிறது’ என்றே திரட்டு பொருள்கொள்கிறது. கணம் (செட்) என்ற அமைப்பில் ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்க முடியாதாகையால் அது முகிலனை ஏற்கவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது. ஆட் மெத்தட் ‘பொய்’ என்ற விடையைத் தரும். அந்த விடையை யாரும் பார்ப்பதில்லை என்பதால் இந்தப் பிழை பல மாதங்கள் மறைந்திருக்கும்.

ட்ரீமேப்பில் இதே நிலை இன்னும் விசித்திரமானது. ஒப்பீட்டில் சமமான இரண்டாவது திறவுகோலோடு புட் மெத்தடை அழைத்தால், பழைய திறவுகோல் அப்படியே இருக்கும், அதன் மதிப்பு மட்டும் புதியதாக மாறும். அதாவது கயல்விழியின் பெயருக்கு எதிரே முகிலனின் தரவு அமர்ந்துவிடும். உறுப்பு காணாமல் போவதைவிட இது மோசமானது; ஏனெனில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர் ஒருவர் குறைவதையாவது காண்பார், ஆனால் தவறான இணைப்பை எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது.

தீர்வு, ஒப்பீட்டை இடையில் நிறுத்தாமல் தொடர்வது. மதிப்பெண் சமமானால் பெயர், பெயரும் சமமானால் வரிசை எண் என்று அடுக்க வேண்டும். கடைசி அளவுகோல் ஒவ்வொருவருக்கும் தனித்ததாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். பெயரோடு நிறுத்திவிட்டால், ஒரே பெயரும் ஒரே மதிப்பெண்ணும் கொண்ட இருவர் வரும் நாளில் அதே பிழை திரும்பி வரும். 2014-இல் வெளிவந்த ஜாவா 8 முதல், கம்பேரிங், தென்கம்பேரிங் என்ற மெத்தட்களைக் கோத்து இதை ஒரே வரியில் எழுதிவிடலாம். அங்கே ஒரு பொறி உண்டு: சங்கிலியின் முடிவில் ரிவர்ஸ்டு மெத்தடை இட்டால் கடைசி அளவுகோல் மட்டும் தலைகீழாகாது, அதுவரை கோத்த முழுச் சங்கிலியும் தலைகீழாகும். மதிப்பெண் இறங்குவரிசையிலும் பெயர் ஏறுவரிசையிலும் வேண்டுமென்றால், மதிப்பெண் ஒப்பீட்டை முதலில் தலைகீழாக்கிவிட்டுப் பிறகுதான் பெயரைக் கோக்க வேண்டும்.

எனது வகுப்பில் ஈக்வல்ஸ் மெத்தடைச் சரியாக எழுதியிருக்கிறேனே, அதைத் திரட்டு பார்க்காதா?

பார்க்காது. சமம் என்பதை ஹாஷ்செட் முடிவு செய்வது ஹாஷ்கோட், ஈக்வல்ஸ் ஆகியவற்றால். ட்ரீசெட் முடிவு செய்வது ஒப்பீட்டால் மட்டுமே. இவ்விரண்டு தீர்ப்புகளும் ஒத்துப்போக வேண்டும் என்று ஜாவாவின் ஆவணம் வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பரிந்துரையைப் பின்பற்றாத வகுப்பு இருக்கிறது: பிக்டெசிமல். 1.0, 1.00 என்ற இரு மதிப்புகளும் ஈக்வல்ஸின்படி வேறுவேறு, ஏனெனில் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களின் எண்ணிக்கை மாறுபடுகிறது. கம்பேர்டூவின்படி அவை சமம். எனவே இரண்டையும் ஹாஷ்செட்டில் இட்டால் இரண்டு உறுப்புகள், ட்ரீசெட்டில் இட்டால் ஒன்று. பணத்தொகைகளைக் கையாள்பவர்கள் பெரும்பாலும் பிக்டெசிமலையே பயன்படுத்துவதால், இதைத் தெரிந்திருப்பது அவர்களுக்குக் கட்டாயம்.

இரு தீர்ப்புகளும் முரண்படும்போது வேறு வினோதங்களும் நிகழ்கின்றன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கம்பரேட்டரோடு ஒரு ட்ரீசெட்டில் ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சிறிய எழுத்துகளில் இடுங்கள். அதே முகவரியைப் பெரிய எழுத்துகளில் ஒரு ஹாஷ்செட்டில் இடுங்கள். ட்ரீசெட்டிடம் ‘நீ அதற்குச் சமமா’ என்று கேட்டால் ஆம் என்னும். ஹாஷ்செட்டிடம் அதையே திருப்பிக் கேட்டால் இல்லை என்னும். ரிமூவ்ஆல் மெத்தடோ இரண்டு திரட்டுகளில் எது பெரியது என்பதைப் பொறுத்து, சில வேளை இந்தத் திரட்டின் விதிப்படியும் சில வேளை எதிர்த் திரட்டின் விதிப்படியும் நீக்குகிறது. இப்படிப்பட்ட திரட்டை ஒரு வகுப்பின் உள்ளே பயன்படுத்துவதில் தவறில்லை. வெளியே திருப்பித் தரும்போது அதன் ஒப்பீட்டு விதியை ஆவணத்தில் எழுதிவைப்பதே நேர்மை.

ஒப்பீட்டு விதி எழுதும்போது எவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்?

அ என்பது ஆ-வுக்கு முன் என்றால் ஆ என்பது அ-வுக்குப் பின்னாக இருக்க வேண்டும். அ, ஆ-வுக்கு முன்னும் ஆ, இ-க்கு முன்னும் என்றால் அ, இ-க்கு முன்னாக இருக்க வேண்டும். அ-வும் ஆ-வும் சமமென்றால் வேறெந்த உறுப்போடு ஒப்பிட்டாலும் இரண்டும் ஒரே விடையைப் பெற வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவற்றை மீறுவதும் எளிது.

பழக்கத்தால் நிகழும் மீறல் கழித்தல். இரண்டு முழு எண்களை ஒப்பிட ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அந்த விடையையே தருவது பழைய நிரல்களில் நிறையக் காணப்படும் குறுக்குவழி. 32 பிட் முழு எண்ணின் மிகச் சிறிய மதிப்பு −2,147,483,648. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் எண் சுற்றி வந்து 2,147,483,647 ஆகிறது. மிகச் சிறிய எண் மிகப் பெரியதாகத் தீர்ப்பாகிறது. ஜாவா 7 முதல் இன்டிஜர் வகுப்பிலேயே கம்பேர் மெத்தட் இருப்பதால் கழித்தலுக்கு இனி எந்த நியாயமும் இல்லை. தசம எண்களுக்கு டபுள் வகுப்பின் கம்பேர் மெத்தடைப் பயன்படுத்த வேண்டும். எண்ணல்லாத மதிப்பாகிய ‘நான்’ என்பதைச் சிறியது, பெரியது குறிகள் எதனோடும் ஒப்பிட மறுக்கும். இந்த மெத்தட் அதை எல்லா எண்களுக்கும் பின்னால் ஒழுங்காக வைக்கும்.

இன்னொரு மீறல் நல்லெண்ணத்தால் வருவது. ‘வேறுபாடு 0.1-க்குக் குறைவென்றால் சமம்’ என்று எழுதுகிறார்கள். 1.00, 1.08 சமம், 1.08, 1.16 சமம், ஆனால் 1.00, 1.16 சமமல்ல. எதை முதலில் இட்டீர்கள் என்பதைப் பொறுத்துத் திரட்டின் உள்ளடக்கமே மாறும்.

பட்டியலை வரிசைப்படுத்தும்போது இத்தகைய பிழை சில வேளை வெளிப்பட்டுவிடும்: 2011-இல் ஜாவா 7 டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறைக்கு மாறிய பிறகு, ஒப்பீடு தன் பொது ஒப்பந்தத்தை மீறுகிறது என்ற செய்தியோடு பிழை எழுகிறது. அதுவும் எல்லா வேளையிலும் எழுவதில்லை. ட்ரீசெட் அந்த அளவுக்குக்கூட எச்சரிப்பதில்லை; உறுப்பைத் தவறான கிளையில் வைத்துவிட்டு, பிறகு கேட்கும்போது இல்லை என்று சொல்லும்.

திரட்டில் இட்ட பிறகு உறுப்பின் மதிப்பை மாற்றினால் அது தானாக இடம் மாறுமா?

மாறாது. அகராதியில் அச்சான ஒரு சொல்லின் முதல் எழுத்தைத் திருத்திவிட்டு, அதைப் பழைய பக்கத்திலேயே விட்டுவைப்பதற்கு ஒப்பானது இது: சொல் அங்கேதான் இருக்கிறது, தேடுபவர் புதிய எழுத்துக்குரிய பக்கத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்புவார். கன்டெய்ன்ஸ் மெத்தட் ‘பொய்’ சொல்லும், ரிமூவ் நீக்காது, ஆனால் முழுத் திரட்டையும் சுற்றி வந்தால் உறுப்பு தென்படும். பிறகு சேர்க்கப்படும் உறுப்புகளும் இந்தத் தவறான வழிகாட்டியோடு ஒப்பிடப்படுவதால் அவையும் இடம் தவறலாம். மாற்ற வேண்டுமென்றால் முதலில் நீக்கி, மாற்றி, மீண்டும் சேர்க்க வேண்டும். இந்த மூன்று படிகளின் வரிசையை மாற்றக் கூடாது. இதைவிடச் சிறந்தது, ஒப்பீட்டில் பங்குபெறும் புலங்களை மாற்ற முடியாதவையாக வகுப்பிலேயே அமைத்துவிடுவது.

தமிழ்ச் சொற்களை ட்ரீசெட்டில் இட்டால் அகரவரிசை கிடைக்குமா?

கிடைக்காது, கிடைத்ததுபோல் தோன்றலாம். சரத்தின் இயல்பு வரிசை ஒருங்குறி எண்களை ஒப்பிடுவது. மொழியின் நெடுங்கணக்கை அது அறியாது. இதனால்தான் ‘கோப்பு10’ என்பது ‘கோப்பு2’ என்பதற்கு முன்னால் வருகிறது. தமிழுக்கு ஒருங்குறி தந்த அடுக்கில் ‘ன’ என்பது ‘ந’-வை அடுத்து, ‘ப’-வுக்கு முன்னதாக நிற்கிறது. ‘ற’ என்பது ‘ர’-வை அடுத்தும், ‘ள’ என்பது ‘ழ’-வுக்கு முன்னும் நிற்கின்றன. மரம், மலை, மழை, மனம் என்ற நான்கு சொற்களும் நம் நெடுங்கணக்கின்படி இங்கே எழுதிய வரிசையில் வர வேண்டும். ட்ரீசெட் மனம், மரம், மலை, மழை என்று தரும்.

புள்ளி இன்னும் பெரிய சிக்கல். ஒருங்குறியில் புள்ளிக்குரிய எண், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது. ஆகையால் ‘க்’ என்பது ‘கௌ’ என்பதற்கும் அப்பால் தள்ளப்படுகிறது. அகராதியில் ‘அக்கா’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். இயல்பு வரிசையில் இது தலைகீழாகும். மூன்றாவதாக, ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றே; ட்ரீசெட்டுக்கு அவை இருவேறு சொற்கள். சேர்ப்பதற்கு முன் நார்மலைசர் வகுப்பால் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சரியான அகரவரிசைக்கு, ஒவ்வொரு எழுத்தையும் மெய்யின் தர எண், உயிரின் தர எண் என இரண்டாகப் பிரித்து, புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1 என்று தொடங்கி ஒப்பிடும் கம்பரேட்டரை எழுதலாம். அல்லது கொடுத்த விதிகளின்படி சரங்களை ஒப்பிடும் ரூல்பேஸ்டு கொலேட்டர் வகுப்புக்கு நம் விதிகளைக் கொடுக்கலாம். கொலேட்டரைத் தேர்ந்தால் அதன் நுட்ப அளவைக் கவனியுங்கள். மிகக் குறைந்த அளவில் அது பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளைச் சமமெனத் தீர்ப்பதால், முன்சொன்ன காணாமல் போகும் பிழை வேறு வாசல் வழியே வரும்.

எந்தப் பொருளையும் சுட்டாத ‘நல்’ மதிப்பைச் சேர்க்கலாமா?

இயல்பு வரிசையில் இயங்கும் திரட்டில் முடியாது. நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் எழும். வேண்டுமென்றால் நல்ஸ்ஃபர்ஸ்ட், நல்ஸ்லாஸ்ட் ஆகியவற்றால் உங்கள் கம்பரேட்டரைச் சுற்றிக் கொடுக்கலாம்.

பிரையாரிட்டிகியூவும் வரிசைத் திரட்டுதானா?

அதன் தலையில் மிகச் சிறிய உறுப்பு இருக்கும் என்பது மட்டுமே உறுதி. உள்ளே இருப்பது குவியல் அமைப்பு; அதை அப்படியே சுற்றி வந்து படித்தால் முறையற்ற வரிசையே வரும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால்தான் ஏறுவரிசை கிடைக்கும். ஒப்பீட்டில் சமமானவற்றை அது தள்ளிவிடுவதில்லை என்பது வேறொரு வேறுபாடு.

எப்போது ட்ரீசெட், எப்போது பட்டியலை ஒருமுறை வரிசைப்படுத்தினால் போதும்?

தரவு முழுவதும் முதலிலேயே கையில் இருந்து, பிறகு படிக்க மட்டும் போகிறீர்கள் என்றால் பட்டியலே போதும். நினைவகமும் குறைவாகச் செலவாகும், சமமானவையும் இழக்கப்படா. சேர்த்தலும் நீக்கலும் தேடலும் கலந்து நடக்கும் இடத்துக்கே மரம். ஆனால் ட்ரீமேப்பின் உண்மையான வலிமை வரிசையாகப் படிப்பதில் இல்லை, அண்டையைக் கேட்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. மின் கட்டண அடுக்குகளின் தொடக்க அலகுகளைத் திறவுகோலாகவும் வீதத்தை மதிப்பாகவும் இட்டுவைத்தால், நுகர்ந்த அலகைக் கொடுத்து ஃப்ளோர்என்ட்ரி மெத்தடை அழைத்ததும் அந்த அலகு எந்த அடுக்கில் விழுகிறது என்பது ஒரே அழைப்பில் தெரியும். பேருந்து நேரங்களை இட்டுவைத்தால், இப்போதைய நேரத்திலோ அதற்குப் பின்னோ வரும் முதல் பேருந்தை ஸீலிங்கீ சொல்லிவிடும். அடுக்கடுக்கான நிபந்தனைக் கூற்றுகளை எழுதிப் பராமரிப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு.

சப்செட், ஹெட்செட், டெயில்செட் தருபவை நகல்கள் அல்ல, மூலத் திரட்டின் மீதான சாளரங்கள். அவற்றில் நீக்கினால் மூலத்திலும் நீங்கும். சாளர எல்லைக்கு வெளியேயுள்ள உறுப்பைச் சேர்க்க முயன்றால் இல்லீகல்ஆர்குமென்ட் எக்ஸெப்ஷன் எழும்.

சீ பிளஸ் பிளஸிலும் சீ ஷார்ப்பிலும் இதே விதிதானா?

அடிப்படை அதுவே. சீ பிளஸ் பிளஸின் செட் ‘சிறியதா’ என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்கிறது. அ-வும் ஆ-வைவிடச் சிறியதில்லை, ஆ-வும் அ-வைவிடச் சிறியதில்லை என்றால் இரண்டும் ஒன்றெனக் கொள்கிறது. எனவே ‘சிறியது அல்லது சமம்’ என்ற ஒப்பீட்டைக் கொடுப்பது அங்கே பெரும் பிழை. திரட்டினுள் இருக்கும் உறுப்பை மாற்ற அந்த மொழி நேரடியாக அனுமதிப்பதில்லை என்பதால், ஜாவாவில் நாம் கண்ட இடம் தவறும் சிக்கல் அங்கே குறைவு. சீ ஷார்ப்பின் சார்ட்டட்செட் 2010-இல் டாட்நெட் 4-உடன் வந்தது. ஒப்பீடு 0 என்றால் அதுவும் இரண்டாவதை ஏற்காது. ஆனால் அங்கே சரங்களின் இயல்பு ஒப்பீடு கணினியின் மொழி, வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஒரே நிரல் இரு கணினிகளில் இரு வரிசைகளைத் தருவதை விரும்பாவிட்டால், எழுத்துகளின் எண்மதிப்பை மட்டும் பார்க்கும் ஆர்டினல் ஒப்பீட்டை வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஒரு ட்ரீசெட்டிலிருந்து இன்னொன்றை உருவாக்கினால் கம்பரேட்டரும் சேர்ந்து வருமா?

மாறியின் அறிவிக்கப்பட்ட வகையைப் பொறுத்தது. ட்ரீசெட்டுக்குச் சார்ட்டட்செட்டை ஏற்கும் ஆக்கியும் (புதிய பொருளை உருவாக்கும் பகுதி) உண்டு, பொதுவான கலெக்ஷனை ஏற்கும் ஆக்கியும் உண்டு. முதலாவது கம்பரேட்டரை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது இயல்பு வரிசைக்குத் திரும்பிவிடும். எந்த ஆக்கி என்பது நிரல் மொழிமாற்றப்படும்போதே முடிவாவதால், மாறியை வெறும் செட் என்று அறிவித்திருந்தால், அதனுள் இருப்பது உண்மையில் ட்ரீசெட்டே ஆனாலும், கம்பரேட்டர் தொலைந்துபோகும். உறுப்பின் வகுப்பு கம்பேரபிளை நிறைவேற்றாததாக இருந்தால் உடனே பிழை எழுந்து காட்டிக்கொடுத்துவிடும். சரங்களாக இருந்தால் வரிசை மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.